மேலவைக்கு நான் போட்ட ஓட்டு

1

நான் போட்ட ஓட்டை இன்னும் எண்ணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுப்பு. தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, போனை அதன் மேல் காட்டினேன். காட்டினால் ஆங்கிலம் தமிழாக மாறி வரும். வந்த தமிழும் எனக்குப் பாதிதான் புரிந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது. அதில் போட்டிருந்த தேதிக்குள் சரிசெய்யாவிட்டால் ஓட்டைச் சேர்க்க மாட்டார்கள்.

நான் உடையார்பாளையத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவன். ஐந்தாவது வரை படித்தேன். தோசை மாஸ்டராக இங்கே வந்து இருபத்து நான்கு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் என்று இரண்டு இருக்கின்றன. தலைநகரம் கிழக்கே இருப்பது. நான் இருப்பது மேற்குக் கடற்கரையில், அதே பெயருள்ள மாநிலம். ஐம்பது வயது தாண்டி, இங்கே நிரந்தரமாகத் தங்கி இருபது வருடம் ஆனவர்கள் குடியுரிமைத் தேர்வில் தங்கள் மொழியிலேயே பதில் சொல்லலாம் என்று ஒரு சலுகை உண்டு. அப்படித்தான் எனக்குக் கிடைத்தது. என் மனைவி மலர்க்கொடிக்கு வயது நாற்பத்தாறு. அவளுக்கு அந்தச் சலுகை இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. இங்கேயே பிறந்த என் மகள் யாழினிக்கு உண்டு. அவளுக்கு வயது இருபத்தொன்று.

கையெழுத்து சரியில்லை என்று அரசாங்கம் எழுதினால் நம் பக்கத்தில் அது போலீஸ் விஷயம். முதலில் பயந்துதான் போனேன். பயம் தெளிந்ததும், ஒரு ஓட்டுதானே, போனால் போகட்டும் என்று கடிதத்தை மடித்து வைத்தேன். அப்படி விட முடியாமல் போனதற்குக் காரணம் என் மகள். அவள் ஒரு வேட்பாளருக்காக மூன்று மாதமாக வீடு வீடாக நடந்து ஓட்டுக் கேட்டவள். என் ஓட்டும் அவருக்குத்தான் என்று நம்பிக்கொண்டிருந்தாள். நான் போட்டது அவரை எதிர்த்து நின்ற அம்மாவுக்கு.

2

எங்கள் தொகுதியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எனக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

எங்கள் தொகுதிக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஜெயங்கொண்டம், குன்னம் என்று சொன்னால் ஒரு கடைத்தெருவும் நாலு பஸ்ஸும் கண்ணுக்கு வரும். எண்ணைச் சொன்னால் என்ன வரும்? அந்த ஒரு தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள். மாநில மேலவைக்கு ஒரு செனட்டர், கீழவைக்கு இரண்டு பேர். கீழவைக்காரர்கள் இருவரும் ஒரே போட்டியில் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தவர்கள் அல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் போட்டி. கீழவைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், செனட்டருக்கு நான்கு வருடம்.

யாழினி இதைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "மூணு பேருன்னா மனு யார்கிட்டம்மா குடுக்கிறது?"

"மூணு பேருக்கும் இமெயில் அனுப்பலாம்பா."

"மூணு பேரும், அவரைப் போய்ப் பாருன்னு சொல்லிட்டா?"

அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மேலவை முழுவதற்கும் ஒரே சமயத்தில் தேர்தல் நடப்பதும் இல்லை. இந்த முறை பாதித் தொகுதிகளுக்கு, அடுத்த முறை மீதிக்கு. எங்கள் ஓட்டல் முதலாளி வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. நடுவில் ஒரு சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு தொகுதி. அவருக்கு இந்த வருடம் செனட்டர் தேர்தலே இல்லை. "உங்க பக்கம் பெரிய சண்டையாமே செல்வராசு?" என்று வெளியூர்க்காரரைப் போல என்னைக் கேட்டார்.

இதைவிடக் குழப்பம் வேறொன்று. ஆகஸ்டு மாதத்தில் முதலில் ஒரு தேர்தல் வைக்கிறார்கள். எல்லோரும் நிற்கலாம். அதிக ஓட்டு வாங்கிய முதல் இரண்டு பேர் மட்டும் நவம்பர் தேர்தலுக்குப் போவார்கள். அந்த இருவரும் ஒரே கட்சியாகக்கூட இருக்கலாம். எங்கள் தொகுதியில் அப்படித்தான் ஆனது. நம் பக்கத்தில் ஒரே கட்சிக்காரர் இருவர் நின்றால் ஒருவர் சீட்டுக் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு நிற்பவர். மறுநாளே அவரைக் கட்சியைவிட்டு நீக்கிவிடுவார்கள். இங்கே இருவரையும் யாரும் நீக்கவில்லை. கட்சி பார்த்துத்தான் எனக்கு ஓட்டுப் போடத் தெரியும். கட்சி ஒன்றாகிவிட்டால் எதைப் பார்ப்பது?

ஓட்டுச் சீட்டில் சின்னமும் கிடையாது. பெயரும், பக்கத்தில் முட்டை மாதிரி ஒரு வட்டமும் மட்டும்தான்.

நம் மாநிலத்திலும் மேலவை ஒன்று இருந்தது, நான் சிறுவனாக இருந்தபோது எடுத்துவிட்டார்கள். அதில் பட்டதாரிகளுக்கென்று சில இடம், வாத்தியார்களுக்கென்று சில இடம் இருந்ததாம். ஐந்தாவது படித்தவனுக்கு அதில் என்ன வேலை. இங்கே நானும் மேலவைக்கு ஓட்டுப் போடலாம் என்று தெரிந்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

3

அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தது அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அறுபது வயது இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. கூட ஒரே ஒரு பெண் குடை பிடித்து வந்தாள். கொடி, மைக் எதுவும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்த மலர்க்கொடி, "ஏங்க, ஓட்டுக் கேக்க வராங்க, யாருமே கூட வரலைங்க பாவம்" என்றாள். சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

நான் கதவைத் திறந்து நின்றேன். அந்த அம்மா என் பெயரைக் கேட்டார். சொன்னேன். சரியாக வரவில்லை. மறுபடி கேட்டு, மூன்றாவது முறை கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார். அதற்குள் மலர்க்கொடி தட்டோடு வந்துவிட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், நடுவில் வெற்றிலை இல்லாததால் ஒரு கொத்துமல்லித் தழை, அதன் மேல் சூடம். செட்டிகுளத்தில் அவள் பிறந்த வீட்டு வாசலில் எத்தனை வேட்பாளருக்கு ஆரத்தி எடுத்திருப்பாளோ, அந்தக் கை தானாகப் போய்விட்டது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "என்னடி இது?" என்றேன்.

"வாசல்ல வந்து நிக்கிறவங்கள வெறுமனே அனுப்பச் சொல்றீங்களா?"

மூன்று சுற்றுச் சுற்றி, விரலால் தொட்டு அந்த அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அவர் அசையாமல் நின்றார். பிறகு தட்டைப் பார்த்து, இதைக் குடிக்க வேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார். நான் அவசரமாக, "நோ, நோ" என்றேன். மலர்க்கொடி அந்தத் தண்ணீரைக் கொண்டுபோய் வாசல் ஓரத்தில் ஊற்றினாள்.

உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். இருபத்து நான்கு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வேண்டும் என்றேன். ஓட்டலுக்குப் போகும்போது தினம் நனைகிறேன். அது எந்தச் சபையின் வேலை என்று எனக்குத் தெரியாது. அவர் அது என் வேலை இல்லை என்று சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு ஓட்டுப் போடுவீர்களா என்றார். "யெஸ் மேடம்" என்றேன்.

அவர் போனதும் மலர்க்கொடி சொன்னாள். "எனக்கு ஓட்டு இல்ல. நான் எடுத்த ஆரத்திக்கு நீங்கதான் போடணும். நெத்தியில வச்சிட்டு மாத்திப் போட்டா நல்லாயிருக்காது."

நான் தலையாட்டினேன். யாழினிக்கு ஏற்கனவே, "சரிம்மா, உங்க ஆளுக்கே போட்டுடறேன்" என்று போனில் சொல்லியிருந்தேன்.

4

யாழினி பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். அங்கேயே விடுதியில் தங்கியிருக்கிறாள். ஒரு மணி நேர தூரம்தான், ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். போனில் பேசினால், "சாப்பிட்டீங்களா? சரி, அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். தேர்தல் வந்த பிறகுதான் என்னோடு பத்து நிமிடம், இருபது நிமிடம் பேசினாள். அவளுடைய வேட்பாளர் முப்பது வயது இளைஞர். வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்காக ஏதோ சட்டம் கொண்டுவரப் போகிறார். சட்டம் எனக்குப் புரியவில்லை. அவள் அதைச் சொல்லும்போது குரல் மாறுவதைக் கேட்பதற்காகவே, "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே ஓட்டுச்சாவடி இல்லை. ஓட்டுச் சீட்டு வீட்டுக்கே தபாலில் வந்துவிடும். வட்டத்தை நிரப்பி, உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். விரலில் மை வைப்பதும் இல்லை. அந்தக் கையெழுத்துதான் மை.

ஒரு காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். செனட்டர் வரிசையில் இரண்டு பெயர். பேனாவை இளைஞர் பெயருக்குக் கொண்டுபோனேன், திரும்ப எடுத்தேன். மலர்க்கொடி அடுப்பைப் பார்த்து நின்றாள். என் மகள் சொன்ன காரணங்கள் எல்லாம் நல்ல காரணங்கள். ஆனால் அந்த இளைஞர் என் வாசலுக்கு வரவில்லை. அந்த அம்மா மழையில் வந்து, என் பெயரைச் சொல்லிப் பார்த்து, நெற்றியில் பொட்டோடு படியிறங்கிப் போனார். அவர் வட்டத்தை நிரப்பினேன். சரியா, தவறா என்று அப்போதும் தெரியவில்லை.

உறையின் மேல் சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது. அது ஒரு சத்தியம் என்று யாழினி முன்பே சொல்லியிருக்கிறாள். சத்தியம் என்றதும் என் கை தமிழில் எழுதிவிட்டது. கோ. செல்வராசு. ஊரில் பத்திரத்திலும், கல்யாணப் பதிவிலும் எப்படிப் போட்டேனோ அப்படி. இங்கே வாக்காளராகப் பதிந்தபோது, யாழினி சொல்லிக்கொடுத்தபடி ஆங்கிலத்தில் போட்டிருந்தேன் என்பது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

5

கடிதம் வந்த மூன்றாம் நாள் யாழினியே வந்து நின்றாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு. ஏன் என்கிட்ட சொல்லல?"

கையெழுத்து ஒத்துப்போகாதவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேர்தல் ஆபீஸ் வேட்பாளர்களுக்குக் கொடுக்குமாம். தங்கள் பக்கத்து ஆட்களைத் தேடிப்பிடித்துக் கையெழுத்தைச் சரிசெய்ய வைப்பது இப்போது அவளுடைய வேலை. பட்டியலில் தெருத் தெருவாகப் பார்த்துக்கொண்டே வந்து தன் அப்பா பெயரைப் பார்த்திருக்கிறாள்.

"நாப்பது சொச்சம் ஓட்டுதாம்பா வித்தியாசம். அந்தம்மா முன்னாடி இருக்காங்க. ஒவ்வொரு ஓட்டும் வேணும். திங்கக்கிழமைதான் கடைசி நாள், நானே கூட்டிட்டுப் போறேன்."

"வேலை இருக்கும்மா."

"ஒரு மணி நேரம் லீவு கேளுங்க. எனக்காக."

எனக்காக என்று அவள் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று. நான் மலர்க்கொடியைப் பார்த்தேன். அவள் கொத்துமல்லியை ஆய ஆரம்பித்தாள்.

உறையைப் பிரித்தவுடன் ஓட்டுச் சீட்டு மற்ற சீட்டுகளோடு கலந்துவிடும், யாருடையது என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் சத்தியமும் நிற்கும், மகளும் சந்தோஷப்படுவாள். அல்லது திங்கட்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளலாம். ஓட்டுச் செல்லாமல் போகும், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அதுதான் தொந்தரவு.

எனக்கு இருபத்து மூன்று வயதில் எங்கள் ஊரில் வார்டு தேர்தல் நடந்தது. என் அக்கா புருஷன் நின்றார். எதிரே நின்றவர், என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் வந்தபோது மொபெட்டில் உட்காரவைத்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நான் அவருக்குப் போட்டேன். மாமா மூன்று ஓட்டில் தோற்றார். அன்று மாலை வீட்டு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, "யார்றா மாத்திப் போட்டது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். "நான் இல்ல மாமா" என்றேன். அவர் சந்தேகம் தன் சொந்தத் தம்பி மேல் விழுந்தது. அண்ணனும் தம்பியும் அதன் பிறகு பேசவில்லை. மாமா செத்தபோது அந்தத் தம்பி தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போனதாக அக்கா சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, அங்கயும் ஓட்டு இருக்கா? வூட்டுக்கு எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒன்னும் குடுக்கலக்கா."

"அப்புறம் எதுக்குடா போட்ட?"

சிரித்தேன். மாமா தேர்தல் விஷயத்தைச் சொல்லத்தான் போன் போட்டேன். மழை உண்டா, முந்திரி பூத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவளுக்குப் படித்துக் காட்டுகிறவர்கள், அந்தத் தம்பி மாற்றிப் போடவில்லை, நான்தான் போட்டேன் என்பதை விடாமல் படிக்க வேண்டும்.

6

திங்கட்கிழமை மதியம் யாழினி காரில் வந்து அழைத்துப்போனாள். வழியெல்லாம் பேசினாள். எனக்கு முன்னால் ஐந்து பேரைக் கூட்டிவந்தாளாம். ஒரு பாட்டிக்குப் பக்கவாதம் வந்து கையெழுத்தே மாறிவிட்டதாம். தேர்தல் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினாள்.

"யாழினி, ஒன்னு சொல்லணும்மா."

"போயிட்டு வந்து சொல்லுங்கப்பா. மூடிடுவாங்க."

"இல்ல, முன்னாடியே சொல்லணும். நான் அந்தம்மாவுக்குத்தான் போட்டேன்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எந்தம்மா?"

"நம்ம வூட்டுக்கு வந்தவங்க. உங்கம்மா ஆரத்தி எடுத்தா."

"ஆரத்தியா?" என்றாள். "என்கிட்ட சரின்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப அது பொய்."

"நம்ம ஊர்ல யார் வந்து கேட்டாலும் சரின்னுதாம்மா சொல்றது. இல்லன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போவும்."

"அது உங்க ஊருப்பா."

உங்க ஊர் என்று அவள் சொன்னது இதுதான் முதல் முறையா, இல்லை நான் இதற்குமுன் கவனிக்கவில்லையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"எத்தனையோ வூட்டுக் கதவத் தட்டினேன். உங்கள மட்டும் ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல. கேக்க வேணாம்னு நெனச்சேன்." பிறகு, "ஏன் இப்ப சொன்னீங்க? சொல்லாம போட்டுட்டு வந்திருந்தா எனக்குத் தெரியவே போறதில்ல."

"அதாம்மா எனக்கும் புரியல."

"வேணாம்னா திரும்பிடலாம். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்."

என் ஓட்டுக் கெட்டுப்போவது அவளுக்கு லாபம் என்பது இருவருக்கும் தெரியும். அவள் சாவியைத் திருகவில்லை. நானும் இறங்கவில்லை. கடைசியில் அவள்தான் எட்டி என் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"போங்க. மணி ஆவுது."

"நீ வரலியா? என்ன பேசணும்னு எனக்கு..."

"ஓட்டுக் கேக்கறவ நான், உள்ள வரக்கூடாதுப்பா. போங்க."

உள்ளே இருந்தவர் என் கடிதத்தை வாங்கிப் பார்த்து, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மேலே ஆங்கிலத்தில் போட்டது, குழந்தை எழுதிப் பழகியது மாதிரி. கீழே தமிழில். இரண்டும் நீங்களா என்றார். "யெஸ். போத் மீ" என்றேன். ஒரு தாளைக் கொடுத்தார். எதில் போடுவது என்று கேட்கத் தெரியாமல் இரண்டையும் விரலால் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, உறையில் போட்டது எதுவோ அதைப் போடுங்கள், இனிமேல் எப்போதும் அதையே போடுங்கள் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தமிழில் போட்டேன். இனி எப்போதும் என்பது பெரிய வார்த்தையாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். முடிந்தது. எனக்காக வேறு யாரும் பேசாமல் இங்கே ஓர் ஆபீஸ் வேலை முடிந்தது அன்றுதான்.

காருக்குத் திரும்பினேன். யாழினியின் கண் சிவந்திருந்தது, அழுதாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"லிஸ்ட்ல உங்க பேர நான் முடிச்சு வைக்கணும். இல்லன்னா வேற யாராவது வந்து கதவத் தட்டுவாங்க." போனை என் பக்கம் சாய்த்தாள். என் பெயர், அதன் கீழே நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். எங்கள் ஆதரவாளர். எதிர்த் தரப்பு. முடிவு செய்யவில்லை. சொல்ல விரும்பவில்லை.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தெரியாத வீட்டு வாசலில் நின்று கேட்பது மாதிரி கேட்டாள். "சார், நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு சொல்ல விரும்புறீங்களா?"

கேலியா, கோபமா, எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தேன், அதிலும் தெரியவில்லை.

"சொல்ல விரும்பலன்னு போட்டுக்குங்க" என்றேன்.

அவள் கடைசிக் கட்டத்தை அழுத்தினாள்.

"நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தாள்.